கைவிட்ட கல்குவாரியை ஏரியாக்குவது எப்படி? வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு முழு வழிகாட்டி

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், ராஜா இனி வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது ஆறும் மலையும். பாலாறு வெறும் மணலாகக் கிடக்கிற மாதங்களிலும், அந்த மொட்டை மலைகளின் அடிவாரத்தில் ஜல்லிக்காகத் தோண்டி விட்டுப்போன பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. அதை என்ன செய்யலாம் என்று கேட்கிற ஊர்க்காரர்களுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிற்பதால் மட்டும் குவாரி ஏரி ஆகிவிடாது. நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவில் எண்பது அடி ஆழம் என்றால் அது ஒரு பெரிய தொட்டி, அவ்வளவுதான். கொக்கு நிற்க இடம் இல்லை, தவளை முட்டையிட இடம் இல்லை, கோரை வேர்பிடிக்க மண் இல்லை, தவறி விழுந்த ஆடு ஏறிவர வழி இல்லை. ஏரியில் உயிர்கள் பெரும்பாலும் இருப்பது கணுக்காலில் இருந்து இடுப்பு வரை ஆழமுள்ள கரையோரத்தில்தான். உங்களிடம் இருக்கிற பணம், உழைப்பு, ஹிட்டாச்சி வாடகை எல்லாவற்றையும் அந்தக் கரைக்கே செலவிடுங்கள். சுற்றுச்சுவர் ஓவியம், செல்ஃபி மேடை, செயற்கை நீரூற்று எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காமலே விட்டாலும் நல்லது.

முதல் வேலை: இது யாருடைய பள்ளம்?

ஆர்வத்தில் மரக்கன்றோடு கிளம்பிவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி, நிலம் பட்டாவா புறம்போக்கா, காப்புக்காட்டு எல்லையை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குத்தகை முடிந்துவிட்டதா என்பது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிற புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் எழுத்துமூலம் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேட்கும்போது குத்தகைத் தேதிகளோடு நிறுத்தாமல் சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி ஆணை, அதில் உள்ள மூடல் நிபந்தனைகள் மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். வேலி போடுவது, பசுமைப் பட்டை வளர்ப்பது எல்லாம் பெரும்பாலும் குத்தகைதாரரின் பொறுப்பாக அந்த ஆணையிலேயே இருக்கும். ஊர் சந்தா போட்டுச் செய்யப்போகிற வேலை, ஒருவர் எழுதிக்கொடுத்துச் செய்யாமல் விட்ட வேலையாக இருக்கலாம். சுரங்க வேலை முடிந்த நிலத்தில் தீவனப்புல்லும் செடிகொடியும் உயிரினங்களும் வாழும்படி மறுபடி புல்வளர்த்துத் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

பணத்துக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. 2015-இல் கனிமச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி வந்தது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்றே உள்ள பணம், குடிநீரும் சுற்றுச்சூழலும் அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் போனால் கோப்பு நகராது. ஆகவே அடுத்த கிராம சபையிலேயே சர்வே எண்ணோடு தீர்மானம் போடுங்கள், அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வரப்பு வெட்டுவது, குழி தோண்டுவது போன்றவற்றை அரசின் ஊரக வேலை உறுதித் திட்ட ஆட்களை வைத்துச் செய்ய முடியுமா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது: உள்ளே இறங்குவதற்கு முன்

கோடை விடுமுறையில் கல்குவாரிக் குட்டையில் குளிக்கப்போன பையன்கள் என்று ஆரம்பிக்கிற செய்தி எப்படி முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். குவாரியில் ஓரத்திலேயே ஆழம் தொடங்குகிறது, சில அடிக்குக் கீழே தண்ணீர் சட்டென்று குளிர்கிறது, பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. ஆகவே வேலி, எச்சரிக்கைப் பலகை, மிதவைக் கயிறு, ஏறிவரக் கல்படி ஆகிய நான்கும் மரக்கன்றுக்கு முன்னால் வரவேண்டும். இதில் கல்படியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சுவர்களைப் பாருங்கள். உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961-இன்படி கடினப் பாறையில் ஒரு பெஞ்சின், அதாவது படிபோல வெட்டுகிற அடுக்கின், உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. நம் பக்கத்தில் மேலிருந்து அடிவரை ஒரே செங்குத்தாக வெட்டி விட்டுப்போன குவாரிகள் நிறைய. அப்படிப்பட்ட சுவருக்கு அடியிலும் மேல் விளிம்பிலும் யாரையும் வேலைக்கு நிறுத்தாதீர்கள். துளையில் வெடிக்காமல் தங்கிய மருந்தோ கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற டெட்டனேட்டர் கேப்போ கண்ணில் பட்டால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்த்த பழைய கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரைக் கூட்டிப்போவது ரொம்ப நல்லது, எந்த மூலையில் பாறை விரிசல் விட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் பயம் மிகையானதில்லை. பழைய நிலக்கரிக் குழிகளை ஏரியாக்குவதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள நாடு ஜெர்மனி. அங்கேயே 2009 ஜூலையில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், நீர் நிரம்பிக்கொண்டிருந்த ஒரு பழைய சுரங்க ஏரியின் கரை வீடுகளோடு சரிந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அது தளர்ந்த மண்கரை, நம்முடையது பாறை என்பது உண்மைதான். ஆனால் குவாரியைச் சுற்றிக் கொட்டிவைத்திருக்கிற கழிவுக்கல் மேடுகள் பாறை இல்லை. அவற்றின் அடி நனையும்போது அவையும் சரியும்.

மூன்றாவது: தண்ணீரைப் படிக்க வேண்டும்

முடிந்தால் ஒரு முழு வருஷம் எதையும் செய்யாமல் நீர்மட்டத்தை மட்டும் குறித்துவையுங்கள். சுவரில் பெயின்ட்டால் அடிக்கணக்குப் போட்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பரில் எவ்வளவு உயரம், ஜூன் கடைசியில் எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்கள்தான் பின்னால் வரப்போகிற கரைவேலை முழுவதையும் தீர்மானிக்கும்.

கூடவே ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், பரப்புள்ள பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். வேலூர்ப் பக்கம் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அது நேராகப் பள்ளத்தில் விழுந்தால் 10,000 கன மீட்டர், ஒரு கோடி லிட்டர். ஆனால் நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பில் இருந்து வருஷத்துக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும், அதாவது 15,000 கன மீட்டர். மழையை மட்டும் நம்பினால் 5,000 கன மீட்டர் துண்டு விழுகிறது. செடியும் மண்ணும் உள்ள சரிவில் பெய்கிற மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால்கூட, ஒரு ஹெக்டேர் சரிவு 2,000 கன மீட்டர் தரும். ஆக இரண்டரை ஹெக்டேர் சரிவாவது பள்ளத்தை நோக்கி வடிந்தால்தான் கணக்கு நேராகும். பாறை விரிசல் வழியாக ஊறுவதும் கசிவதும் இடத்துக்கு இடம் மாறும், அதை அந்த ஒரு வருஷக் குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்காக ஏரி வரத்துக்கால்வாயில் கைவைக்காதீர்கள். கீழே ஓர் ஏரியும் அதை நம்பி ஆயக்கட்டும் இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரியைப் பல்லவர் காலத்தில் வெட்டியவர்கள் எந்தச் சொட்டு எங்கே போகும் என்று பார்த்து வெட்டினார்கள், சின்ன ஏரிகளுக்கும் அதே ஒழுங்கு உண்டு. குவாரிக்கு மேலே உள்ள சரிவில், எந்த ஏரிக்கும் போகாமல் வீணாகிற ஓடையை மட்டும் திருப்புங்கள். தண்ணீர் உள்ளே விழுகிற இடத்துக்கு முன் ஒரு வண்டல் குழி கட்டாயம். இல்லையென்றால் கிரஷர் தூசி முழுவதும் உள்ளே இறங்கி, அடியில் சிமெண்டு பூசியதுபோல் உட்கார்ந்துவிடும்.

அடுத்து தரப்பரிசோதனை. நம் பாறை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்ற கடினப் பாறை வகைகள். நிலக்கரிக் குழிகளில் இருப்பது போன்ற அமிலப் பிரச்சினை இங்கே பொதுவாக வராது. கவலைப்பட வேண்டியவை வேறு. வெடிமருந்தில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டின் மிச்சம் தண்ணீரில் கரைந்தால் பாசி பொங்கும். கடினப் பாறைப் பகுதிகளில் ஃபுளோரைடு அதிகம் இருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது, வட ஆற்காட்டுக்கே உரிய தலைவலி, தோல் கழிவு. தோல் பதனிட உதவும் குரோமிய உப்புகளைச் செய்து, ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமலை நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நாம் பார்த்தோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குவாரி என்றால், இரவில் யாரும் லாரியில் எதையும் கொட்டவில்லை என்று உறுதியாகும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் குடிநீருக்கே கேட்பார்கள். மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிகளின் தண்ணீரை 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். ஆகவே எந்த மட்டத்துக்குக் கீழே மோட்டார் போட்டு இறைக்கக்கூடாது என்பதையும் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதிவையுங்கள்.

நான்காவது: கரை

இதுதான் முக்கியமான வேலை, இதில்தான் நேரம் எடுக்க வேண்டும்.

செங்குத்துச் சுவரைச் சரிவாக்கப் பாறையை வெடிக்க வேண்டியதில்லை, அனுமதியும் கிடைக்காது. எல்லாக் குவாரியிலும் ஒரு பக்கம் ஏற்கெனவே சரிவாக இருக்கும். லாரி இறங்கி ஏறிய பாதையைச் சொல்கிறேன். பாரம் ஏற்றிய லாரி ஏறவேண்டும் என்பதால் பத்தடி போனால் ஓரடி இறங்குகிற அளவுக்கு, பல இடங்களில் அதைவிடவும் மெதுவான இறக்கமாக, போட்டிருப்பார்கள். உங்கள் ஏரிக்கரை பிறக்கப்போவது அங்கேதான். பக்கத்தில் கிடக்கிற கழிவுக்கல் மேட்டை ஹிட்டாச்சியால் தள்ளி, அந்தப் பாதையை இரண்டு பக்கமும் விசிறி மாதிரி அகலப்படுத்துங்கள். அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், அதற்கும் மேலே குவாரி தோண்டும்போது ஓரமாக ஒதுக்கிவைத்த மேல்மண். அந்த மேல்மண்ணை யாரும் விற்றுவிடாமல் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், மொத்த இடத்திலும் திரும்பக் கிடைக்காத பொருள் அது ஒன்றுதான்.

சரிவு எங்கே ஆரம்பித்து எங்கே முடியவேண்டும் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டிசம்பர் மட்டத்தைப் பார்த்து அழகாக ஒரு திட்டு அமைப்பார்கள், மார்ச்சில் அது தரையில் காய்ந்து கிடக்கும், தண்ணீரோ மறுபடி செங்குத்துச் சுவருக்குள் போய்விடும். நீங்கள் குறித்துவைத்த டிசம்பர் மட்டத்துக்கு ஓரடி மேலே தொடங்கி ஜூன் மட்டத்துக்கு மூன்றடி கீழே வரை சரிவு தொடர வேண்டும். நீர்மட்டம் வருஷத்தில் 3 மீட்டர் ஏறி இறங்குகிறது, சரிவு பத்துக்கு ஒன்று என்றால், கரையின் நீளம் 40 மீட்டரை ஒட்டி வரும். பெரிய வேலைதான், ஆனால் ஒரு மூலையில் மட்டும் செய்தால் போதும். நான்கு பக்கமும் பத்தடிக்கு அரைகுறையாகச் செய்வதைவிட ஒரு பக்கம் முழுதாகச் செய்வது மேல்.

கரையை மட்டப்பலகை வைத்த மாதிரி வழவழப்பாக்காதீர்கள். மேடு பள்ளம், சின்னச் சின்னக் குடா, தண்ணீருக்குள் பாதி மூழ்கிய பாறைகள், பட்டுப்போன ஒரு மரத்தை வேரோடு கொண்டுவந்து சாய்த்துப் போட்டது என்று ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். ஆமைக்கும் நீர்க்காகத்துக்கும் வெயில் காய இடம் வேண்டும். முடிந்தால் கரையை ஒட்டிக் கல்லால் ஒரு திட்டு போட்டு, இடையே ஆழமான வாய்க்கால் விடுங்கள், நாய் போகாத இடம் என்று தெரிந்தால் ஆட்காட்டி முட்டையிடும்.

அதே சரிவில்தான் மாடும் மனிதரும் இறங்குவார்கள். தடுத்தால் வேலியை உடைப்பார்கள், அது நியாயமும்கூட. ஆகவே முதலிலேயே பாதையை இரண்டாகப் பிரித்து, ஊர்ப் பக்கம் உள்ள பாதியைக் கல் பாவி மாட்டுக்கும் துவைப்பதற்கும் விட்டுவிடுங்கள், மறுபாதியைக் கோரைக்கு விடுங்கள்.

ஐந்தாவது: சுவரைச் சும்மா விடுங்கள்

எல்லாவற்றையும் பச்சையாக்கியே தீருவது என்று சிலர் இறங்குவார்கள். வேண்டாம். வெட்டுப்பட்ட பாறைச் சுவரும் ஒரு வாழிடம்தான். கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதில்லை, பாறைத் திட்டில் ஒரு சின்னக் குழிவில் நேராக முட்டையிடும். சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய குவாரிகள் இந்த ஆந்தைக்குப் பேர்போனவை. நம் பக்கத்துக் குவாரிகளிலும் தேடுங்கள்: சுவரில் வெள்ளைக் கறை வழிந்திருக்கும், கீழே எலி எலும்பும் முடியும் கலந்த கக்கல் உருண்டைகள் கிடக்கும். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை அந்தச் சுவர்ப் பக்கம் வேலை, விளக்கு, டிரோன் எதுவும் கூடாது. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று சொல்கிற பெரியவர்களிடம், அது தின்கிற எலிகளில் பாதி உங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் இருந்து வந்தவை என்று சொல்லிப்பாருங்கள். மேல் விளிம்பில் செங்குத்தாக வெட்டிய செம்மண் சுவர் இருந்தால் அதையும் பூசி மெழுகாதீர்கள், பஞ்சுருட்டான் வளை தோண்டுவது அதில்தான்.

ஆறாவது: நடுவது, நடாமல் இருப்பது

முதலில் வேலிகாத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, எடுக்க வேண்டும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும், பாறை இடுக்கில் அது சுலபம் இல்லை. ஜோத்பூர் ராவ் ஜோதா பூங்காவில் 2006-இல் இதே மரத்தை எதிர்த்து வேறு வழிகள் பலிக்காத இடத்தில் உள்ளூர்க் கல்தொழிலாளர்கள்தான் ஜெயித்தார்கள். பாறையைத் தட்டி ஓசையை வைத்து எங்கே இளகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, வேர் வரை உளியால் தோண்டி எடுத்தார்கள், அந்தக் குழிகளிலேயே பாறையில் வளரும் நாட்டுச் செடிகளை நட்டார்கள். குவாரி மூடியதால் வேலை இழந்த கல்லுடைப்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலி ஒதுக்குங்கள், வேறு யாரையும்விட நன்றாகச் செய்வார்கள்.

என்ன நடுவது? சுற்றுப்புற மலையில் பாறைமேல் தானாக எது நிற்கிறதோ அது. கல்லிச்சி, உசில், கிளுவை, விராலி, ஆவாரை, காரை, சூரை. மேல்மண் உள்ள இடத்தில் வேம்பு, புங்கன், பனை. நீர்மட்டம் தொடுகிற விளிம்பில் நீர்மருது, நாவல், நாட்டுக் கருவேலம். தைலமரமும் சூபாபுல்லும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கென்யாவின் மொம்பாசாவில் ஒரு சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியை 1971-இல் காடாக்கத் தொடங்கிய ரெனே ஹாலர் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார், தாக்குப்பிடித்தவை மூன்றே. அதில் ஒன்று நம் சவுக்கு. உதிர்ந்த சவுக்கிலை மக்காமல் கிடக்க, அதைத் தின்னும் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார், மண் உருவாக ஆரம்பித்தது. சவுக்கு நடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் வருஷம் பல வகையில் கொஞ்சம் கொஞ்சமாக நட்டு, எது பிழைக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாம் வருஷம் அதைப் பெருக்குங்கள். நடவுக்கு நேரம் முதல் நல்ல மழை, ஆகஸ்டு அல்லது செப்டம்பர். முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் கன்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் கோரை, சம்பு, அல்லி, கொட்டி. பக்கத்து ஏரியில் இருந்து ஒரு கூடை சேற்றைக் கொண்டுவந்து ஆங்காங்கே வைத்தால் விதையும் கிழங்கும் நத்தையும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் ஆகாயத்தாமரை இல்லாத ஏரியாகப் பார்த்து எடுங்கள். சம்பு ஒரே பருவத்தில் கரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், அதை வருஷத்துக்கு ஒருமுறை பாதி அறுக்க வேண்டியிருக்கும்.

மீன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கொசுவுக்கு என்று கம்பூசியா என்ற வெளிநாட்டுச் சிறுமீனை விடச் சொல்வார்கள், அது தவளைக் குஞ்சையும் தின்றுவிடும். நம் நாட்டு முண்டக்கண்ணியும் கெண்டைக் குஞ்சுகளும் அந்த வேலையைச் செய்யும். ஜிலேபிக் கெண்டையும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உள்ளே வந்துவிட்டால் எடுக்கவே முடியாது. மீன் ஏலம் விடுவதாகப் பஞ்சாயத்து சொன்னால், முதல் மூன்று வருஷம் ஏலம் இல்லை என்று எழுதி வாங்குங்கள், அதன்பிறகும் தண்ணீரை வற்றவைத்துப் பிடிக்கக்கூடாது, குப்பை மீன் என்று நாட்டு மீனை மருந்து வைத்துக் கொல்லக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள்.

எப்போது என்ன வரும்?

தண்ணீரும் சரிவும் இருந்தால் முதலில் வருவது தட்டான், வாலாட்டி, மடையான், வெண்மார்பு மீன்கொத்தி. நீர்ச்செடி பிடித்ததும் முக்குளிப்பானும் தாழைக்கோழியும். இலைக்கோழி வருவதற்கு அல்லி இலை அதன் எடையைத் தாங்கும் அளவுக்குப் பரவியிருக்க வேண்டும். உடும்பு, கீரி, சாரை எல்லாம் கல்மேட்டுக்குத் தானாக வந்து சேரும். கண்ணாடி விரியனும் வரும், ஆகவே வேலை செய்பவர்களுக்குக் காலணி வாங்கிக்கொடுங்கள். மாதம் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பறவைகளை எண்ணி, இ-பேர்டு செயலியில் ஏற்றுங்கள். நாளைக்கு யாராவது அந்தக் குவாரியை நகராட்சிக் குப்பையால் நிரப்பலாம் என்று திட்டம் போடும்போது, மனுவோடு இணைக்க வருஷக்கணக்கான பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.